லாகின் ஆகாத கணக்கும் கட்டம் கட்டமான எழுத்தும்

இணையத்தில் ஒரு வேலையை முடிக்க உட்காருகிறவர் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். ஒன்று, உள்ளே நுழையும் இடம். பெயர், பாஸ்வேர்டு, கேப்சா, ஓடிபி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ‘தவறு’ என்று ஒரு சிவப்பு வரி வந்து நிற்கும். மற்றது, திரை. எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். அல்லது கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். அல்லது எழுத்து சரியாக இருந்தும் படிக்கத் தெரியாத மொழியில் இருக்கும். திருப்பதி மாவட்டத்துப் பிச்சாட்டூர் போன்ற எல்லையோர ஊர்களில் இந்த இரண்டு தொல்லையும் சேர்ந்தே வருகின்றன.

பிச்சாட்டூர் பெயர் மழைக்காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிபடும். அங்குள்ள ஆரணியாற்று நீர்த்தேக்கத்தைத் திறந்தால் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கும் என்பதே செய்தி. தண்ணீர் தமிழ்நாட்டுக்கு வருகிறது; ஊர் ஆந்திராவில் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி இரு மாநிலங்களும் எல்லையைத் திருத்திக்கொண்டபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது; சத்தியவேடு அந்தப் பக்கம் போனது; பிச்சாட்டூர், நகரி வட்டாரமும் அந்தப் பக்கமே அமைந்தது. இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் இன்றும் பேச்சு தமிழ். அரசுக் காகிதம் தெலுங்கு. கம்ப்யூட்டர் முதலில் காட்டுவது ஆங்கிலம். போதாக்குறைக்கு 2022 ஏப்ரலில் மாவட்டமும் மாறியது. பழைய அட்டைகளில் சித்தூர் மாவட்டம் என்றிருக்கும்; புதிய படிவத்தின் பட்டியலில் பிச்சாட்டூர் மண்டலத்தைத் திருப்பதியின் கீழே தேட வேண்டும்.

முதலில் நுழைவு. பாஸ்வேர்டு என்பது தனிக் கம்ப்யூட்டருக்காகப் பிறந்ததல்ல. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்குபோட்டுக்கொள்ளும் முறையை அமைத்தார்கள். அவரவர் கோப்பை அவரவரே திறக்க ஒரு ரகசியச் சொல் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு சொல் என்ற அளவில் அது நடைமுறைக்கு ஒத்துவந்தது. இன்றைக்கு ஒருவருக்கே வங்கி, மின்சாரம், ரயில், பள்ளி என்று இருபது கணக்கு. 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்த பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வைத்து அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற யோசனை இடம்பெற்றது. உலகமே அதைப் பின்பற்றியது. 2017இல் அதே நிறுவனம், காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம், நீளமான சொல்லே போதும் என்று திருத்தி எழுதியது. பர் தாமே பழைய யோசனைக்காக வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். ஆனாலும், மாதக்கணக்கு வைத்து பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் இணையதளங்கள் இன்னும் ஓயவில்லை.

சரியான பாஸ்வேர்டே தவறு என்று திரும்பி வருவதற்குப் பல நேரம் காரணம் செல்போனின் கீபோர்டு. அது முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும். அது பரிந்துரைக்கும் சொல்லைத் தொட்டால் கடைசியில் ஓர் இடைவெளியையும் ஒட்டிவிடும். அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. கணினிக்கு அது ஓர் எழுத்து. பெயர்க் கட்டத்தில் கடைசி எழுத்துக்குப் பின்னால் ஒருமுறை அழித்துப் பார்ப்பதும், பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்திலுள்ள கண் படத்தைத் தொட்டு எழுத்துகளைப் பார்த்துக்கொள்வதும் பாதித் தொல்லையைத் தீர்க்கும். போனில் தேதி தவறாக இருந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று தளம் திறக்க மறுக்கும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றுக்கும் காலக்கெடு உண்டு. போனின் கடிகாரத்தை வைத்தே அது செல்லுமா என்று பார்க்கப்படுகிறது.

அடுத்தது ஓடிபி. கார்டு கையில் இல்லாமல் இணையத்தில் பணம் செலுத்தும்போது இரண்டாவது சோதனை ஒன்று வேண்டும் என்று 2009 ஆகஸ்ட் 1 முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. பிறகு அந்தப் பழக்கம் வங்கியைத் தாண்டி எல்லா அலுவலகங்களுக்கும் பரவியது. இப்போது ஒரு மனிதருக்கு அடையாளம் அவர் பெயரல்ல, செல்போன் எண்தான். வீட்டில் ஒரே போன். அதுவும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போன மகன் கையில். தகப்பனார் நெட் சென்டரில் உட்கார்ந்திருப்பார். ஓடிபி மகன் போனுக்குப் போகும். மகன் வேலையில் இருப்பார். அவர் பார்த்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். திட்டம் போட்டவர்கள் ‘ஆளுக்கு ஒரு போன்’ என்று எண்ணியதன் விளைவு இது. பயன்படுத்துகிறவரின் அறியாமை இதில் எதுவுமில்லை.

ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணின் கதை இன்னும் சிக்கலானது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் முடக்கலாம். முடக்கிய எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தபின், பழைய ஆளின் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் போனில் வந்து விழும். ஆகவே எந்த எண் ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் சேர்ந்திருக்கிறதோ, அந்த எண்ணை உயிரோடு வைத்திருப்பது அவசியம். எண் கைநழுவிவிட்டாலும் வழி உண்டு. ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் புதிய எண்ணைச் சேர்க்கலாம். அதற்குப் பழைய எண்ணின் ஓடிபி வேண்டியதில்லை. ஆண்டுக்கு 6000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்திலும் இதே நிலைதான். அதன் கே.ஒய்.சி. சரிபார்ப்புக்கு ஓடிபி ஒன்றே வழி என்று பல விவசாயிகள் எண்ணுகிறார்கள். பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தும் செய்யலாம். 2023 முதல் செயலியில் முகத்தைக் காட்டியும் செய்யலாம்.

ஓடிபி வந்தாலும் பெயர் பொருந்தாமல் போவதுண்டு. தெலுங்கு வழக்கத்தில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். தமிழ் வழக்கத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து இனிஷியலாக நிற்கும். படிவமோ ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு தனிக் கட்டம் வைத்து, அதை நிரப்பாமல் நகரமாட்டேன் என்கிறது. ஒரு அட்டையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் தகப்பனார் பெயர் முழுசாக என்றிருந்தால் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். பக்கத்து வீட்டுக்காரருக்கோ கிராமச் செயலக ஊழியருக்கோ இந்தக் குழப்பம் வராது. ஒரே ஆவணத்தை, பெரும்பாலும் ஆதாரை, மூலமாக வைத்து மற்றவற்றை அதற்கேற்பத் திருத்திக்கொள்வதுதான் இப்போதைக்கு நடக்கிற வழி. கோணல்மாணலான எழுத்தைப் படித்துத் தட்டச் சொல்லும் கேப்சாவும் உண்டு. 2003இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் பெயரிட்டு விளக்கிய சோதனை அது. இயந்திரத்தைத் தடுக்க வந்தது, இப்போது கண் மங்கிய பெரியவர்களைத்தான் அதிகம் தடுக்கிறது.

இனி திரை. இங்கே தொல்லையின் வேர் எழுத்தைச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. கணினி எழுத்தைப் படமாக வைப்பதில்லை, எண்ணாக வைக்கிறது. 1991இல் வந்த யூனிகோடு தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியது. ‘பிச்சாட்டூர்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு ஆறு எழுத்து. சேமிப்பில் ப, இகரக் குறி, ச, புள்ளி, ச, கால், ட, புள்ளி, ட, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று பன்னிரண்டு குறி. இணையத்தில் வழக்கமான யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், ஆக 36 பைட். அதே பெயரை ஆங்கிலத்தில் எட்டெழுத்தாக எழுதினால் எட்டே பைட். ஊர்ப்பெயருக்கு 30 பைட் போதும் என்று எவரோ எங்கோ உட்கார்ந்து தீர்மானித்திருந்தால் ஊரின் வால் அறுந்துபோகும். குறுஞ்செய்தியிலும் இதே கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழிலோ தெலுங்கிலோ 70 குறிதான். ஓடிபி செய்தி இன்னும் ஆங்கிலத்திலேயே வருவதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

திரையில் தமிழ் கெடும்போது அது எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். தகவல் பத்திரமாக இருக்கிறது, எழுத்துரு சேர்ந்தால் படிக்கலாம். மேலே சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வணிகக் குறியும் மாறி மாறி வந்தால், தமிழை ஐரோப்பிய எழுத்தென்று நினைத்துக் கணினி படிக்கிறது. இதையும் பெரும்பாலும் மீட்கலாம். வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால் கதை முடிந்தது. தமிழை ஏற்கத் தெரியாத தகவல் கிடங்கு ஒன்று, வந்த எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேள்விக்குறியைச் சேமித்திருக்கிறது. எந்த அமைப்பை மாற்றினாலும் அது திரும்பாது; விவரத்தை மறுபடி கொடுத்துப் பதியச் சொல்ல வேண்டியதுதான்.

தமிழர்கள் இந்த நோயோடு நெடுநாள் வாழ்ந்தவர்கள். 1990களில் பத்திரிகைக்கு ஒரு எழுத்துரு, மென்பொருளுக்கு ஒரு குறியீடு. ஒன்றில் எழுதியது இன்னொன்றில் குப்பையாகத் தெரியும். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளை அறிவித்தது. இணையத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து திஸ்கி என்ற குறியீட்டைச் செய்துகொண்டார்கள். விண்டோஸ் 2000இல் தேவநாகரியும் தமிழும் இடம்பிடித்தன; தெலுங்கு அடுத்து வந்த எக்ஸ்.பி.யில் வந்தது. 2010 ஜூனில்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. அந்த நாள்களில் செல்போனில் தமிழ் படிக்க ஒரு தந்திரம் வாய்வழியாகப் பரவியது. ஓப்பரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் ‘ஓப்பரா:கான்ஃபிக்’ என்று தட்டினால் ஓர் அமைப்புப் பட்டியல் திறக்கும். அதன் அடியில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டலாமா என்ற வரியில் ‘நோ’வை ‘எஸ்’ ஆக்கிச் சேமித்தால், கட்டங்கள் மறைந்து தமிழ் வரும். எழுத்தைத் தூரத்துச் சர்வர் படமாக வரைந்து அனுப்பும். அதை நகலெடுக்க முடியாது, டேட்டாவும் கூடும். ஆனாலும் தமிழ் தெரிந்ததே, அது போதும் என்றிருந்தது.

எழுத்தைச் சேர்த்து வரைவது அவ்வளவு எளிதல்ல. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் தெரிகிறது, சேமிப்பிலோ ககரத்துக்குப் பின்னால் இருக்கிறது. ‘கொ’வில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்கிறது. தெலுங்கில் ஒற்றெழுத்து கீழே இறங்கி ஒட்டிக்கொள்வதால் வேலை இன்னும் கூடுதல். 2018 பிப்ரவரியில் ஞானம் என்ற சொல்லோடு தொடர்புள்ள ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக் கோவை உலகெங்கும் ஐபோன் செயலிகளை முடக்கியது. அந்த எழுத்தோடு செய்தி வந்தாலே செயலி விழுந்தது. ஆப்பிள் அதே மாதம் திருத்தம் வெளியிட்டது. இந்திய எழுத்துகளைக் கடைசியாகச் சோதிக்கும் பழக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்றே அதைச் சொல்ல வேண்டும்.

எழுத்தளவும் நுழைவைத் தடுக்கும். பெரியவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அப்போது ‘சமர்ப்பி’ பொத்தான் கீபோர்டுக்கு அடியிலோ திரைக்கு வெளியிலோ போய்விடும். பக்கம் உறைந்துவிட்டது என்று தோன்றும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் எழுத்தளவைக் குறைத்தாலோ, போனைப் படுக்கையாகத் திருப்பினாலோ, பின்செல்லும் குறியால் கீபோர்டை மூடினாலோ பொத்தான் வெளியே வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் மொழி பிடிபடாமல் போவது எல்லையூர்களுக்கே உரிய குறை. 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆந்திராவின் ஆட்சிமொழி தெலுங்கு. மாநிலச் சேவைகள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அமைவது இயல்பே. அதே வேளையில், குறைதீர்க்கக் கேட்டு எவரும் மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சாசனத்தின் 350ஆம் பிரிவு. காகிதத்தில் தமிழில் எழுதித் தர உரிமை உள்ளவருக்கு, ஆங்கில எழுத்தை மட்டுமே ஏற்கும் இணையக் கட்டம் அந்த உரிமையைச் சத்தமில்லாமல் மறுத்துவிடுகிறது. மொழித் தேர்வை லாகினுக்குப் பின்னால், அமைப்புகளுக்குள் ஒளித்து வைப்பது அடுத்த தவறு. உள்ளே போகத்தான் மொழி வேண்டும். மொழியை மாற்ற உள்ளே போகச் சொன்னால் எப்படி? மொழியை வாசலிலேயே கேட்பது பெரிய செலவும் இல்லை. ஆதார் ஆணையத்தின் 1947 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் முதலில் மொழியைத்தான் கேட்கிறார்கள். பிச்சாட்டூரிலிருந்து அழைக்கிறவர் அதில் தமிழையும் தேர்ந்தெடுக்கலாம், தெலுங்கையும் தேர்ந்தெடுக்கலாம்.