கல் இல்லாமலும் அடைபடும்
(மூத்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. படித்ததையும் வீட்டில் பட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாய் சுமார் 25 முதல் 30 செ.மீ. நீளம், உள்ளகலம் 3, 4 மி.மீ.தான். அது அடைத்தால் உடனே கல் என்கிறோம். வயதானவர்களுக்கு வேறு காரணங்களும் உண்டு. என்றோ வந்த காசநோயின் தழும்பு குழாயைச் சுருக்கிவிடும். முதுகெலும்புக்கு முன்னால் நார்த்திசு படர்ந்து வெளியிலிருந்து நெரிக்கும். அதற்கு ஸ்டீராய்டு மாத்திரை பலன் தருவதுண்டு. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குச் சிறுநீரகத்தின் உள்திசுவே உதிர்ந்து வந்து அடைத்துக்கொள்வதும் உண்டு.

என் பெரியம்மா விஷயம் வேறு. 1998-ல் அவளுக்கு 76 வயது. கால் வீக்கம், பசியே இல்லை. க்ரியாட்டினின் 4.8. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. கல் எங்கும் காணோம். லேடி டாக்டர் பரிசோதித்த பிறகுதான் தெரிந்தது. கர்ப்பப்பை முழுவதும் வெளியே இறங்கி, இரண்டு குழாய்களையும் கூடவே இழுத்து மடக்கியிருந்தது. பன்னிரண்டு வருஷமாக இருந்ததாம். மாட்டுப்பெண்ணிடம்கூட வாய் திறக்கவில்லை. "இதையெல்லாம் போய் யாரிடம் சொல்வது?" என்றாள். நாங்களும் கேட்டதில்லை, அதையும் சொல்லவேண்டும்.

வளையம் ஒன்றை வைத்துக் கர்ப்பப்பையை மேலே நிறுத்தினார்கள். ஆபரேஷன் இல்லை. மூன்று வாரத்தில் க்ரியாட்டினின் 1.9-க்கு வந்தது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

இன்னொன்று. குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், அதை எடுக்கவேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்து இன்றே காலண்டரில் குறியுங்கள். மாதக்கணக்கில் மறந்தால் அதன்மேலேயே கல் படியும்.