தொட்டில் ஆடும் வீட்டில் சுத்தியல் எதற்கு?

தலைப்பு: கைக்குழந்தை இருக்கும்போது வீட்டைப் புதுப்பிப்பது பொறுப்பா? பரபரப்பா?
அணி: பரபரப்பே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, பொறுப்பு என்று பேசிவிட்டுப் பொறுப்பாகப் போய் உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே, கோதையாறும் பறளியாறும் சூழ்ந்து ஓடுகிற திருவட்டாறு மண்ணின் பெரியோர்களே, மடியில் பிள்ளையை வைத்துத் தட்டிக்கொண்டே பட்டிமன்றமும் பார்க்கிற தாய்மார்களே!

எதிரணித் தலைவர் சொன்னார்: "பிள்ளை வளர வளரச் செலவு கூடும். அதுக்கு முன்னால வீட்டு வேலையை முடிச்சிடணும். நாலே வாரம் போதும்." நடுவர் அவர்களே, கொத்தனார் 'நாலு வாரம்'னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு இந்த ஊருக்கே தெரியும்! (சிரிப்பு) பிள்ளை கவிழ்ந்து, தவழ்ந்து, எழுந்து நடந்து, கொத்தனாருக்கே கரண்டி எடுத்துக் கொடுக்கிற வயசு வந்துடும். அடுக்களைச் சுவர் மட்டும் அப்படியே பூசாம நிக்கும்! (கைதட்டல்)

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்றார்கள் நம் முன்னோர்கள். ரெண்டையும் தனித்தனியாத்தான் சொன்னாங்க. ஒரே மாசத்துல ரெண்டையும் பார்னு சொல்லலை. பிள்ளை பெத்த வீட்டுல சாரம் கட்டிப் பார்னு சொல்லவே இல்லை.

ஏன் இந்த அவசரம் வருகிறது? நம்ம பக்கத்துல பிள்ளை பிறந்தா இருபத்தெட்டாம் நாள் கெட்டு. ஆறாம் மாசம் சோறூட்டு. சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க. "வர்றவங்க சுவரைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?" இதுதான் பயம். ஐயா, வந்தவங்க சுவரையா பார்ப்பாங்க? பிள்ளைக்கு மூக்கு யார் மாதிரி, காது யார் மாதிரின்னு பார்ப்பாங்க. இலை போட்டதும் பாயசத்தைப் பார்ப்பாங்க. (சிரிப்பு) அவங்க இருக்கப்போறது ஒரு மணி நேரம். அந்தச் சுவருக்குள்ள 24 மணி நேரமும் மூச்சு விடப்போறது உங்க பிள்ளை.

அந்த மூச்சைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நாம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பிறந்த குழந்தை 30 முதல் 60 தடவை விடுகிறது. ஓட்டம் நிறைய, நுரையீரலோ பிஞ்சு. அந்த வீட்டில்தான் தரை உடைக்கிற தூசி, சிமெண்ட் தூசி, மரம் இழைக்கிற தூசி எல்லாம்.

இன்னொரு ஆபத்து, பழைய பெயிண்ட். சுவரையும் ஜன்னலையும் சுரண்டுகிறோமே, அந்தப் பொடியில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர் 1-ல். அதற்கு முன் அடித்த பெயிண்ட் எத்தனை வீட்டுக் கதவில் இன்னும் இருக்கிறது? வயிற்றுக்குள் போகிற ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகச் சின்னக் குழந்தைகளின் உடம்பு இழுத்துக்கொள்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை' என்று சொல்லும்படி ஓர் அளவே கிடையாதாம். தவழ்கிற பிள்ளை தரையைத் தடவும். தடவின கையை வாயில் வைக்கும். அழகுக்காக நாம் சுரண்டின பொடி, பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் போய்ச் சுரண்டும். இதுவா பொறுப்பு?

அடுத்து அந்தத் தாயை நினையுங்கள். ராத்திரி முழுக்கப் பிள்ளை தூங்கவில்லை. விடிகாலையில்தான் கண் அயர்கிறது. எட்டு மணிக்கு 'டங்... டங்...' பிள்ளை திடுக்கிட்டு அலறுகிறது. அதைத் தோளில் போட்டுத் தட்டுகிற நேரத்தில் மாமியார் குரல் வரும்: "மக்களே, கொத்தனாருக்கு ஒரு சாயா போட்டுக் கொடு." ஆசாரி கேட்பார்: "அலமாரி எந்த உயரத்துல வைக்கணும்?" கணவர் போனில் கேட்பார்: "மணல் வந்து சேர்ந்துதா?" எல்லாரும் கேட்டாச்சு. "நீ சாப்பிட்டியா?" என்று கேட்க மட்டும் அந்த வீட்டில் ஆள் இல்லை! (பலத்த கைதட்டல்)

கான்கிரீட் தளம் போட்டால் என்ன செய்கிறோம்? குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் தண்ணீர் நிறுத்துகிறோம். முட்டுக் கொடுத்த பலகையைக் கொத்தனார் அவசரப்பட்டுப் பிரிக்க மாட்டார். கேட்டால், "பச்சைத் தளம், பாரம் தாங்காது" என்பார். அதே வீட்டில் பச்சைப் பிள்ளை இருக்கிறது. பச்சை உடம்புக்காரி இருக்கிறாள். பெற்ற உடம்பு தேற ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள் டாக்டர்கள். தளத்துக்குக் கொடுத்த முட்டை, தாய்க்குக் கொடுத்தீர்களா?

எதிரணித் தங்கை ஒரு கேள்வி கேட்டார்: "கூரை ஒழுகினா பிள்ளை நனையாதா? அதை மாத்துறதும் பரபரப்பா?" நல்ல கேள்வி. நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஒழுகுகிற கூரையை மாற்றத்தான் வேண்டும். ஒயர் பிய்ந்து தொங்கினால் இன்றைக்கே சரிசெய்ய வேண்டும். அது புதுப்பிப்பது இல்லை தங்கச்சி, பாதுகாப்பு. நான் சண்டை போடுவது மற்ற வேலைக்கு. ஓட்டை இருக்கிற ஓட்டை மாற்று, சரி. ஓட்டையே இல்லாத ஓட்டை எதற்குப் பிரிக்கிறாய்? (சிரிப்பு, கைதட்டல்)

இதற்கு வழி தேடி வெளியூர் போக வேண்டாம். உள்ளூரிலேயே ஆதிகேசவப் பெருமாள் இருக்கிறார். 22 அடி நீளத்தில் சயனக்கோலம். 16,008 சாளக்கிராமங்கள் சேர்த்துக் கடுசர்க்கரை யோகத்தில் செய்த திருமேனி. மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகச் சேவிக்க முடியும். அந்தக் கோயிலுக்கு 2022 ஜூலை 6-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. எத்தனை வருஷம் கழித்து? 418 வருஷம் கழித்து! பெருமாளே 418 வருஷம் பொறுத்தார். உங்களால் பிள்ளைக்காக ஒரு வருஷம் பொறுக்க முடியாதா? (பலத்த கைதட்டல்)

இன்னொன்றும் சொல்கிறேன். பொதுவாகக் கோயில் திருப்பணி என்றால் முதல் வேலை என்ன? உளி எடுப்பதா? இல்லை. பாலாலயம்! தெய்வ சக்தியைத் தனியாக ஒரு சின்ன இடத்தில் எழுந்தருளப் பண்ணி, அங்கே பூஜை தடையில்லாமல் நடக்க ஏற்பாடு செய்த பிறகுதான் திருப்பணி. உள்ளே இருப்பவருக்கு இடம் செய்யாமல் வெளியே சுத்தியலைத் தூக்குவதில்லை. 'பால' என்றால் இளைய, சின்ன. சாமிக்கே பாலாலயம் உண்டென்றால், வீட்டில் இருக்கிற பாலகனுக்கு வேண்டாமா?

வேலையைத் தள்ளவே முடியாது என்கிறீர்களா? அப்படியானால் பாலாலய முறைப்படி செய்யுங்கள். பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போயிருக்கும்போதே உடைக்கிற வேலை, சுரண்டுகிற வேலை எல்லாம் முடியட்டும். தூசியை ஈரத்துணியால் துடைத்து, பெயிண்ட் வாசனை போன பிறகு தாயும் பிள்ளையும் வரட்டும். வந்த பிறகு வேலை மிச்சம் இருந்தால், ஓர் அறையில் கொத்தனார் கால் வைக்கக்கூடாது. அதுதான் பிள்ளையின் பாலாலயம். ஓர் அறை முழுசாக முடிந்த பிறகே அடுத்த அறையைத் தொட வேண்டும். வேலைக்கு நிரப்பி வைத்த தொட்டி, வாளி எதுவும் மூடாமல் இருக்கக்கூடாது. தவழ்கிற பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீரே எமன். மாடிப்படிக்கு ஒரு தடுப்பு, தரையோரம் இருக்கிற பிளக்குக்கு ஒரு மூடி. பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் செய்ய வேண்டிய 'புதுப்பிப்பு' இவைதான். செலவு கொஞ்சம், பலன் ஓர் உயிர்.

அப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. லீவு போட்டு மேஸ்திரி பக்கத்தில் நின்று செங்கல் எண்ணுகிறீர்கள். அந்த லீவில் பாதியை வைத்துத் தொட்டில் ஆட்டுங்கள். அவள் இரண்டு மணி நேரம் தூங்கட்டும்.

இங்கிருந்து தக்கலை தாண்டினால் பத்மநாபபுரம் அரண்மனை. அது நிற்கிற மண் தமிழ்நாடு; நிர்வாகம் கேரளா. நம் வீடு மாதிரியேதான். பத்திரம் கணவர் பெயரில். நிர்வாகம் யார் கையில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை! (சிரிப்பு) அந்த அரண்மனையை ராஜாக்கள் ஒரே மூச்சில் கட்டவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்துக் கட்டினார்கள். அதில் மிகப் பழைய பகுதியின் பெயர் என்ன தெரியுமா? தாய்க்கொட்டாரம்! நாலு நிலை உப்பரிகை மாளிகை எல்லாம் அதற்குப் பின்னால் வந்ததுதான். ராஜா வீட்டிலேயே தாய் பெயர் கொண்டதுதான் மூத்தது. சாதாரண வீட்டில் அவளைச் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் உட்கார வைப்பது என்ன நியாயம்?

நடுவர் அவர்களே, டைல்ஸ் அடுத்த வருஷமும் கடையில் கிடைக்கும். புது டிசைனிலேயே கிடைக்கும். பிள்ளை குப்புற விழுந்து முதல் தடவை தலை தூக்கிச் சிரிக்கிற நாள் எந்தக் கடையிலும் கிடைக்காது. அன்றைக்கு அம்மா சாயா போட்டுக்கொண்டும், அப்பா மணல் லாரிக்குப் போன் பண்ணிக்கொண்டும் இருந்தால், அந்தப் பிள்ளை யாரைப் பார்த்துச் சிரிக்கும்? ஆகவே, கைக்குழந்தை இருக்கும்போது வீட்டைப் புதுப்பிக்க முனைவது பரபரப்பே, பரபரப்பே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (கைதட்டல்)