மாத்திரையை எண்ணிப் பார்க்க வேண்டியவர் யார்?



வலியில் துடிக்கும் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் ஒரு வரப்பிரசாதம். அதே மருந்து தவறான கைக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவே எமன். ஆகவேதான், மொத்த விற்பனையாளரின் கிடங்கிலிருந்து மருந்தகத்தின் அலமாரி வரையிலான பாதைக்குச் சட்டம் காவல் வைக்கிறது. அந்தக் காவல் எங்கே தவறும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம்.

அங்கே 1970-ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டுப் பொருள்கள் சட்டம் இத்தகைய பொருள்களை ஐந்து பட்டியல்களாகப் பிரிக்கிறது. மார்ஃபின், ஆக்சிகோடோன், ஃபென்டனில் ஆகியவை இரண்டாம் பட்டியலில் உள்ளன. இவற்றை வாங்க, போதைப்பொருள் அமலாக்க நிறுவனம் வழங்கும் 222-ஆம் எண் பாரமோ அதற்கு ஈடான மின்னியல் ஆணையோ கட்டாயம். பாரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் மருந்து அனுப்பக் கூடாது. பாரம் 60 நாட்களுக்கு மட்டுமே செல்லும். அதில் அச்சிடப்பட்ட முகவரிக்கு மட்டுமே மருந்து போக வேண்டும். எவ்வளவு வந்தது, எந்த நாளில் வந்தது என்று மருந்தகம் குறித்துக்கொண்டு, அந்தப் பதிவை ஈராண்டுகள் பாதுகாக்க வேண்டும். விற்பனையாளர் அமர்த்திய வண்டியில் வரும் வழியில் மருந்து காணாமற்போனால், அதைத் தெரிவிக்கும் பொறுப்பு அனுப்பியவருடையது.

இத்தனை கட்டுக்காவல் இருந்தும் நடந்தது என்ன?

மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தில் கெர்மிட் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 400. அங்கிருந்த ஒரே ஒரு மருந்தகத்திற்கு இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 9 மில்லியன் ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் போய் இறங்கின. கணக்குப் போட்டுப் பாருங்கள். கைக்குழந்தை உட்பட ஊரில் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 30 மாத்திரைகள்! 2007 முதல் 2012 வரை அந்த மாநிலத்திற்குச் சென்ற ஹைட்ரோகோடோன், ஆக்சிகோடோன் மாத்திரைகள் 780 மில்லியன். அதே ஆறு ஆண்டுகளில் அவற்றை அளவு மீறி உட்கொண்டு மாண்டவர்கள் 1,728 பேர். இதை வெளிக்கொணர்ந்த செய்தியாளர் எரிக் ஐருக்கு 2017-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பிற மருந்தோடு கலந்த ஹைட்ரோகோடோன் மாத்திரைகள் 2014 அக்டோபர் வரை மூன்றாம் பட்டியலில் இருந்தன. அவற்றுக்கு 222 பாரம் தேவைப்படவில்லை, விலைப்பட்டியல் போதும். ஆனால், எந்தப் பட்டியலானாலும் இன்னொரு விதி உண்டு. ஆணையின் அளவு வழக்கத்தை மீறினாலும், அடிக்கடி வந்தாலும், விற்பனையாளர் அதை அமலாக்க நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். பாரம் சரியா என்று பார்ப்பது குமாஸ்தா வேலை. இவ்வளவு எதற்கு என்று கேட்பதுதான் காவல் வேலை. அந்தக் கேள்விதான் கேட்கப்படவில்லை.

சந்தேக ஆணைகளைத் தெரிவிக்கத் தவறியதற்காக, 2017-இல் மெக்கெசன் நிறுவனம் 150 மில்லியன் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. 2022-இல் மூன்று பெரிய விநியோக நிறுவனங்கள், தவற்றை ஏற்காமலே, 18 ஆண்டுகளில் 21 பில்லியன் டாலர் வரை வழங்க இணங்கின.

இன்னொரு குறையும் இருந்தது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தான் அனுப்பிய பெட்டிகள் மட்டுமே தெரியும். ஒரே மருந்தகம் பலரிடம் வாங்கினால் மொத்தக் கணக்கு அவர்கள் கண்ணில் படாது. அந்தக் கணக்கு அமலாக்க நிறுவனத்திடம் இருந்தது. அதை விநியோகஸ்தர்களுக்குக் காட்ட 2018-இல் சட்டம் வழிசெய்தது. 2022 உடன்பாடோ, மூன்று நிறுவனங்களின் விவரங்களையும் ஒன்றுசேர்க்கும் பொது மையத்தைக் கோரியது.

ஆனால் வேலி அளவுக்கு மீறி இறுகினாலும் ஆபத்து. உடன்பாட்டுக்குப் பின், அளவு வரம்பைத் தொட்டதால் மருந்து நிறுத்தப்பட்டதாகப் பல மருந்தகங்கள் முறையிட்டன. அப்போது வெறுங்கையோடு திரும்புபவர் உண்மையான நோயாளி.

ஆக, சந்தேகம் வந்தால் உடனே கதவைச் சாத்துவதும் தீர்வல்ல. கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவதும் தீர்வல்ல. கேட்க வேண்டும், விசாரிக்க வேண்டும், பிறகு முடிவெடுக்க வேண்டும். மருந்தாளுநரோ விநியோகஸ்தரோ கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால், நேயர்களே, அதை அவமானமாக எண்ணாதீர்கள். கெர்மிட்டில் யாரும் கேட்காமல் விட்ட கேள்வி அது.