சமசம்பளம் வந்த பிறகும்

இலங்கையின் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு, 1984 வரை ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளமே சட்டப்படி நிர்ணயமாகியிருந்தது. அந்த ஆண்டு தோட்டத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின, சமசம்பளம் கிடைத்தது. பெரிய வெற்றிதான். ஆனால் சட்டம் தொட்டது தொகையை மட்டுமே. கவ்வாத்து வெட்டும் ஆண்கள் பெரும்பாலும் மதியத்தோடு வீடு திரும்பிவிடுவார்கள். பெண்களோ மழையிலும் அட்டைக்கடியிலும் மாலை நிறுவை வரை மலையில் நிற்பார்கள். குறித்த கிலோ சேராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம். பிறகு லயத்து வீட்டில் அடுப்படி வேலை. மனைவியின் சம்பளத்தைக் கணவரே போய் வாங்கும் வழக்கமும் நெடுங்காலம் நீடித்தது. கொழுந்தெடுப்பவர்கள் பெண்கள், கங்காணிமாரும் தொழிற்சங்கத் தலைவர்களும் பெரும்பாலும் ஆண்கள். தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் கொழுந்தெடுக்கும் பெண்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.