பேரலைக்குப் பின்னால் இருந்தவர்கள்



ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831 வாக்கில் படைத்த பேரலைப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீங்க. அது ஒருவர் வேலை அல்ல. ஓவியர் வரைந்தார், ஒருவர் மரப்பலகையில் செதுக்கினார், இன்னொருவர் நிறம் நிறமாக ஒற்றி எடுத்தார், பதிப்பாளர் பணம் போட்டார். ஆனா படத்தில் இருக்கிற கையெழுத்து ஓவியருடையது மட்டும்தான்.

2024-இல் தோக்கியோவின் சகானா ஏ.ஐ. நிறுவனம், ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகம் சேகரித்த சுமார் 24,000 மர அச்சுப் படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்கியது. இப்போ நாலு வார்த்தை எழுதினா அந்தப் பாணியில் படம் வருது. சந்தோஷம்தான். ஆனா, இம்முறை ஓவியர் பேரும் சேர்ந்தே மறையலாம்.

மாணவர்களே, தாராளமா படம் செய்யுங்க. எந்த மரபு, யார் பாணி என்று கீழே ஒரு வரி எழுதுங்க. அந்தக் கைகளுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.