வாடகைத்தாய்: வாசிக்காத பத்திரம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)

போன மாதம் ஒரு குழுவில் அக்கா ஒருத்தர், பேர் சொல்ல மாட்டேன், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளிநாட்டுக்காரங்களுக்குப் பிள்ளை பெத்துக் கொடுத்தா லட்சக்கணக்குல தர்றாங்களாமே, நெசமா?" என்று கேட்டார். அவருக்குக் கந்துவட்டிக் கடன் இருக்கு. அதனாலதான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

ஒரு காலத்தில் நெசம்தான். குஜராத்தில் ஆனந்த், பால் கூட்டுறவுக்குப் பேர்போன ஊர், இதுக்கும் பேர் வாங்கியது. வெளிநாட்டுத் தம்பதியின் கருவை நம்ம நாட்டு ஏழைப் பெண்ணின் கர்ப்பப்பையில் வைப்பார்கள். பிரசவம் வரை பல பேர் விடுதியில்தான் இருக்கணும். சொந்தப் பிள்ளைகள் ஊரில்.

2008 ஜூலையில் அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏற்பாடு செய்த ஜப்பான் தம்பதி அதற்கு முன்பே விவாகரத்து வாங்கிவிட்டார்கள். மனைவி குழந்தை வேண்டாம் என்றார். கருமுட்டை கொடுத்தவர் யாரென்றே தெரியாது. சுமந்தவருக்கு உரிமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. மூணு அம்மா இருந்தும் கையில் வாங்க ஒருத்தி இல்லை! அப்பா கேட்டும் ஊருக்குப் போகக் காகிதம் கிடைக்கவில்லை. வயசான பாட்டி வந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், நவம்பரில்தான் கூட்டிப்போனார்.

நாம பத்தாயிரம் உள்கடனுக்கே தீர்மான நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டி, அப்புறம்தானே கையெழுத்துப் போடுறோம்? அங்கே பல பெண்களுக்கு ஆங்கிலத்தில் பத்திரம். நகல்கூடக் கையில் இல்லை. கரு கலைஞ்சா பணம் உண்டா? ஆபரேஷனில் உயிர் போனா பிள்ளைகளுக்கு என்ன? பத்திரத்தை வாசிக்க முடியாதவர் எங்கே போய்க் கேட்பார்?

அந்தப் பணத்தில் வீடு கட்டியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2015ல் வெளிநாட்டவருக்குத் தடை வந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, காசுக்குச் சுமக்க வைப்பதே குற்றம். பத்து வருஷம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் தரலாம். சுமப்பவர் கல்யாணமாகி, சொந்தப் பிள்ளை பெற்று, 25 முதல் 35 வயசுக்குள் இருக்கணும். அதுவும் வாழ்நாளில் ஒரு தடவைதான்.

சட்டம் வந்ததால் அக்காவின் கடன் தீரவில்லை. வட்டிக்காரர் வாராவாரம் வருகிறார். உள்கடன் கொடுத்து அதை அடைக்க முடியுமா என்று அவர் குழு இந்த வாரம் பேசுது. புரோக்கர் நம்பர் அவர் செல்லில் இருந்தது. பக்கத்து ஊரிலும் நாலு பேருக்குக் கொடுத்திருக்காங்களாம். உங்க ஊருக்கும் வந்திருந்தா, கூட்டம் முடிஞ்சதும் என்னிடம் சொல்லிட்டுப் போங்க.