சிறுவர் ஆட்டமும் பெரியோர் கடமையும்

(போடிநாயக்கனூர்ச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சடுகுடுவில் ஓரணிக்கு எழுவர் களத்தில் ஆடுவர். நம் ஊர்த் திடல்களிலோ கோட்டுக்கு வெளியே நிற்கும் நாமும் ஆடத் தொடங்கிவிடுகிறோம். மத்தியஸ்தரை வைகிறோம், பிடிபட்டு வந்த பிள்ளையைப் பலர் முன்னிலையில் ஏசுகிறோம். அப்பிள்ளை மறுநாள் திடலுக்கு வர நாணி ஒளிவதையும் கண்டிருக்கிறோம்.

விளையாட்டு குழந்தையின் உரிமையென்று 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு கூறுகின்றது. 1992-இல் இந்தியாவும் அதனை ஏற்றது.

முற்றாத ஏலக்காயைப் பறித்தால் உலர்த்துகையில் சுருங்குமென்று அறிந்த மலைத்தோட்டக்காரராகிய நாம், பிள்ளைகளிடத்தில் மட்டும் பொறுமை இழக்கலாமோ?

ஆகையால், தீர்ப்பை மத்தியஸ்தரிடமும் பயிற்சியை ஆசிரியரிடமும் விடுவோம். எதிரணிச் சிறுவன் நன்றாக ஆடினாலும் கைதட்டுவோம். தோற்று வரும் பிள்ளைக்கு முதலில் தண்ணீர் கொடுப்போம். புத்திமதி பிறகு ஆகட்டும்.